வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு என்னென்ன உண்டு, அதை எங்கே கேட்பது

(தோட்டப் பாடசாலை மண்டபமொன்றில், வீடு திரும்பும் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே சேர்க்கப்பட்டுள்ளது.)



கொழுந்து எடுத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். கால் வலிக்கும். அதனால் நீட்ட மாட்டேன். ஆனால் அவசரப்படுத்தவும் மாட்டேன். பேச்சின் நடுவில் எழுந்து கேள்வி கேட்கலாம். பிள்ளை அழுதால் வெளியே கொண்டுபோக வேண்டாம், அழட்டும். அது பிள்ளைகளைப் பற்றிய கூட்டம்தானே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறுவனம் வீடு கட்டித் தருவதில்லை, மாதக் காசும் தருவதில்லை. யாருக்கு எது கிடைக்கும் என்று முடிவு செய்யும் அதிகாரமும் எங்களிடம் இல்லை. எனக்கு மண்ணைப் பரிசோதிக்கத் தெரியாது. நான் கலைப்பிரிவில் படித்தவள், என் வேலை தகவலைக் கொண்டுவந்து சேர்ப்பது. அந்த வேலையைத்தான் இன்றைக்குச் செய்யப்போகிறேன்.

2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை எப்படிச் சரிந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாடசாலை வகுப்பறையிலும் கோவில் மண்டபத்திலும் பாய் விரித்துப் படுத்தவர்கள் நீங்கள். இப்போது சிலர் பழைய லயத்துக்கே போகிறீர்கள், சிலர் வேறு இடத்துக்குப் போகிறீர்கள், இன்னும் சிலருக்கு எங்கே என்று தெரியவில்லை. மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. போகும் இடம் எதுவானாலும் பிள்ளை உங்களோடுதான் வரும். வீடு தாமதமாகலாம். பிள்ளையின் தடுப்பூசியும் படிப்பும் வீட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

இதைச் சொல்லும்போது எனக்கு மீரியபெத்த நினைவுக்கு வருகிறது. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், 2014 அக்டோபர் 29 காலையில், லயங்கள் மண்ணுக்குள் போன இடம். பல பிள்ளைகள் அப்போது பாடசாலைக்குப் போயிருந்தார்கள். அதனால் உயிரோடு இருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்த மலை ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள் என்ற செய்தி பிறகு வந்தது. போங்கள் என்றார்கள், எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. தப்பியவர்களுக்குப் புதிய வீடு கையில் வர ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. இரண்டு வருடம் என்பது பெரியவர்களுக்குப் பொறுத்துக்கொள்ளும் காலம். ஒரு வயதுப் பிள்ளைக்கு அது மூளையும் எலும்பும் வளரும் காலம், திரும்பி வராது.

இந்தக் கதையைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வீட்டு வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், பிள்ளையின் வேலையை இன்றைக்கே தொடங்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் காகிதம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, ஈ.பி.எஃப். கணக்கு விபரம். இவற்றில் ஏதாவது மண்ணோடு போயிருந்தால் கலங்க வேண்டாம், எல்லாவற்றுக்கும் மூலப்பதிவு வேறொரு இடத்தில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். பழைய சான்றிதழின் இலக்கமோ போட்டோவோ யாருடைய போனிலாவது இருந்தால் தேடுவது சுலபம். மகளின் பாடசாலைக் கோப்பிலும் ஒரு பிரதி இருக்கும், அதிபரிடம் கேளுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு, அந்தப் பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடம் போங்கள்.

இங்கே ஒரு தொல்லை உண்டு, அது என் வீட்டிலேயே நடந்தது. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். என் அம்மாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, தோட்டத்துச் செக்ரோலில் இன்னொரு மாதிரி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். தமிழில் சொன்ன பெயரைச் சிங்களத்தில் ஒருவர் எழுதி, அதை ஆங்கிலத்தில் இன்னொருவர் எழுதினால் அப்படித்தான் ஆகும். அம்மா ஓய்வு பெற்று ஈ.பி.எஃப். காசு எடுக்கப் போனபோது, "இது நீங்கள்தான் என்று நிரூபியுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று தடவை போனார். ஒவ்வொரு தடவையும் பஸ் காசு, ஒருநாள் பேர் இல்லை. முப்பது வருடம் அந்த மலையில் கொழுந்து எடுத்தவர் தான் தான்தான் என்று சொல்வதற்குச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. ஆகவே புதிய பிரதி எடுக்கும் இந்த நேரத்தில் கவுண்டரில் வைத்தே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். படிவம் தமிழில் வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, 1987 முதல் அரசியலமைப்பில் இருக்கிறது.

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பிறந்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இங்கேயே இருப்பதைப் பார்க்கிறேன். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் தாமதப் பதிவு, அதற்கு அதிகமாக அலைய வேண்டிவரும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்பு அறிக்கையைத் தொலைக்காதீர்கள். தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இலங்கைப் பிரஜையாகப் பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் பிள்ளை ஓ.எல். பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கும் வயதில்தான் தெரியவரும். 1948இல் நம் தாத்தா பாட்டிமார் பிரஜாவுரிமையை இழந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் அது கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை போனது. அவ்வளவு காலம் காத்து வாங்கிய உரிமை ஒரு காகிதக் குறையால் ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்லாமல் போகக் கூடாது.

அடுத்தது பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு. கிளினிக்குக் கொண்டுபோகும் அந்தப் புத்தகம். தொலைந்துவிட்டதென்று கிளினிக்குப் போகாமல் இருக்கும் தாய்மார்களை நான் போன வாரம் சந்தித்தேன். ஏசுவார்கள் என்று பயம். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர், நீங்கள் மிட்வைப் மிஸ் என்று சொல்பவர், தன்னிடம் ஒரு பதிவு வைத்திருக்கிறார். பிறந்த நிறை, போட்ட ஊசி எல்லாம் அதில் இருக்கும். புதிய புத்தகத்தில் எழுதித் தருவார். நீங்கள் வேறு இடத்துக்குப் போயிருந்தால் அந்த இடத்து மிட்வைப் மிஸ்ஸைத் தேடிப் போய், நாங்கள் வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். கர்ப்பிணிகள் இதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவும் திரிபோஷவும் அந்தப் பதிவின் வழியாகத்தான் வரும். கொடுப்பனவுத் தொகை வரவுசெலவுத் திட்டத்தோடு மாறுகிறது, அதனால் நான் தொகை சொல்லவில்லை, கிளினிக்கில் கேளுங்கள்.

ஏன் நிறுப்பதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2016இல் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குக் குறைந்த 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். புயலுக்கு முன்பே, பொருளாதார நெருக்கடிக்கும் முன்பே நிலைமை அது. "எங்கள் பிள்ளைகள் குட்டைதான், வம்சம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வம்சம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் தாயின் இரத்தச்சோகை, குடிதண்ணீர், வயிற்றோட்டம், வெறும் ரொட்டியும் சாயத்தண்ணீரும் என்ற காலைச் சாப்பாடு, இவைதான் பெரும் காரணங்கள். முகாமில் மூன்று மாதம் இருந்த பிள்ளையின் நிறைக்கோடு புத்தகத்தில் கீழே போயிருந்தால் அது உங்கள் குற்றமல்ல. ஆனால் மிட்வைப் மிஸ் அதைப் பார்க்க வேண்டும். திரிபோஷ பற்றி ஓர் உண்மையைப் பேசிவிடுவோம். பக்கெட் வீட்டுக்கு வந்ததும் உருண்டை பிடித்து எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுப்போம். என் வீட்டிலும் அப்படித்தான், எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் அது நிறை குறைந்த அந்தப் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. மூத்தவன் கேட்டால் கொஞ்சம் கொடுங்கள், பக்கெட்டை ஒளித்து வையுங்கள்.

இப்போது வேலைக்குப் போகும் தாய்மார். பேறுகால விடுமுறை 84 நாட்கள். முன்பு மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான். 2018இல் சட்டத்தைத் திருத்தி எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கினார்கள். இன்னும் சில இடங்களில் பழைய கணக்கைச் சொல்வதாகக் கேள்விப்படுகிறோம். சொன்னால், 2018 திருத்தம் என்று சொல்லுங்கள். வேலைக்குத் திரும்பிய பிறகு பாலூட்ட ஒரு நாளில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம்.

பிள்ளைக் காம்பரா என்று நாங்கள் சொன்னது இன்றைக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் தோட்ட நிர்வாகங்களோடு சேர்ந்து அவற்றைப் பார்க்கிறது. முன்பு தொட்டில் கட்டி ஆயாம்மா ஆட்டிக்கொண்டிருந்த அறை. இப்போது பல இடங்களில் பயிற்சி பெற்ற பொறுப்பாளர், விளையாட்டுப் பொருள், நேரத்துக்குச் சாப்பாடு என்று மாறியிருக்கிறது, சில இடங்களில் கூரை மட்டும்தான் மாறியிருக்கிறது. உங்கள் நிலையம் மண்சரிவில் சேதமடைந்திருந்தால் அல்லது அபாயப் பகுதிக்குள் இருந்தால், தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள், மாற்று இடம் எங்கே, எப்போது என்று. கடிதம் எழுத உதவி வேண்டுமானால் அதோ அந்த மேசையில் தம்பி இருக்கிறார். நிலையம் திறக்கவில்லை என்று ஏழு வயது அக்காவை நிறுத்தித் தங்கச்சியைப் பார்க்க விடும் வீடுகளை எனக்குத் தெரியும். அந்த அக்காவும் பிள்ளைதான்.

பாடசாலை. 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் இலவசம். வெள்ளத்தில், மண்ணில் புத்தகம் போயிருந்தால் அதிபரிடம் பெயர் கொடுங்கள். வேறு பாடசாலைக்கு மாறும்போது விடுகைப் பத்திரம் இல்லை என்பதற்காகப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டியதில்லை. சேர்க்க மறுத்தால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வீட்டில் கஷ்டம், கொழும்பில் கடையொன்றில் ஆள் வேண்டுமாம், தெரிந்தவர் கூட்டிப்போகிறாராம். இப்படித்தான் தொடங்கும். 2021 முதல் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 16. அதற்குக் கீழே உள்ள பிள்ளையை அனுப்பினால், அங்கே அடித்தாலும் சம்பளம் கொடுக்காவிட்டாலும் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டு வேலைக்குப் போன பெண் பிள்ளைகளின் செய்தி பத்திரிகையில் வருவதை நீங்களும் வாசித்திருக்கிறீர்கள். பிள்ளையைப் பாடசாலையில் வைத்திருக்கக் காசுதான் தடை என்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். பிள்ளைக்கு அடியோ வேறு தொல்லையோ நடந்தால், வீட்டிலே நடந்தாலும் சரி, 1929க்கு அழைக்கலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

(இந்த இடத்தில் ஒரு பாட்டி எழுந்து, "மக வெளிநாட்டுல, மருமகன் கொழும்புல, நாலு பிள்ளைங்களையும் நான்தான் பாக்குறேன், எங்க பேருக்கு ஏதும் வருமா?" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி பாட்டி. இங்கே பாதிப் பேரின் கேள்வி இது. அஸ்வெசும 2023இல் சமுர்த்திக்குப் பதிலாக வந்தது. அதில் குடும்பத்தைத் தெரிவு செய்யக் கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்பத்தில் எத்தனை பேர் என்ற ஆறு விடயங்களைப் பார்க்கிறார்கள். மிகவும் வறியவர், வறியவர் என்று பிரிவுகள் உண்டு, காசு வங்கிக் கணக்குக்கு வரும். தோட்டத்தில் இரண்டு சிக்கல். ஒரு காம்பராவில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருந்தால் ஒரே குடும்பமாக எழுதிவிடுகிறார்கள். சமையல் வேறு என்றால் அதைச் சொல்லிப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மற்றது, போன தடவை கணக்கெடுத்தபோது உங்களிடம் இருந்த டிவியும் அலுமாரியும் இன்று மண்ணுக்குள். அந்தப் பழைய விபரம்தான் கம்பியூட்டரில் நிற்கிறது. நிலைமை மாறிவிட்டது என்று தகவலைப் புதுப்பிக்கவும், நிராகரித்தால் மேன்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்குத் திகதி உண்டு. பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவில் கேளுங்கள். பாட்டி, நீங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும், அவர்கள் உங்களோடுதான் இருக்கிறார்கள் என்று கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். விண்ணப்பிக்காமல் இருந்தால் கிடைக்காது என்பது நிச்சயம்.

எங்கே போவது என்பதே நமக்குப் பெரிய பிரச்சினை. தோட்டத்தில் எது கேட்டாலும் துரையிடம் போய்ப் பழகிவிட்டோம். தண்ணீர், பாதை, கூரை, சான்றிதழ், எல்லாம் நிர்வாகம். 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை பிரதேச சபைக்குத் தோட்டத்துக்குள் செலவழிக்கவே சட்டத் தடை இருந்தது. அதனால்தான் அரச அலுவலகம் என்றாலே நமக்குத் தூரம். இப்போது நீங்கள் தோட்ட நிர்வாகத்திடமும் போகலாம், பிரதேச செயலகத்திடமும் போகலாம், பிரதேச சபை உறுப்பினரிடமும் போகலாம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். கைகாட்டினால், "அதை எழுத்தில் தாருங்கள் ஐயா" என்று மரியாதையாகக் கேளுங்கள். இன்னொன்று, நுவரெலியா மாவட்டத்தில் 2019இல் பிரதேச செயலகப் பிரிவுகளைப் பிரித்துத் தலவாக்கலை, நோர்வூட் போன்ற புதிய பிரிவுகளை அறிவித்தார்கள். உங்கள் கோப்பு பழைய அலுவலகத்திலா புதியதிலா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

கடைசியாக மழை. பழைய லயத்துக்குத் திரும்புகிறவர்கள், அந்த இடம் பாதுகாப்பானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. மஞ்சள் எச்சரிக்கை வந்தால் கவனமாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் வந்தால் பையைக் கட்டித் தயாராக வேண்டும், சிவப்பு வந்தால் வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர், 100, 150 என்பது அவர்களின் கணக்கு. ஆனால் நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, மூட முடியாத கதவு, இவற்றைக் கண்டால் எந்த நிறத்துக்கும் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

பிள்ளைகளுக்கு மழைப் பயம் இருக்கிறது. தகரத்தில் துளி விழுந்ததும் எழுந்து உட்காருகிறார்கள், படுக்கையை நனைக்கிறார்கள், அம்மாவின் சேலையை விட மாட்டேன் என்கிறார்கள். ஏசாதீர்கள், "ஒன்றும் நடக்காது" என்று பொய்யும் சொல்லாதீர்கள், அவர்கள் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, மழை பலத்தால் நாம் எந்தப் பாதையால் எங்கே போவோம், அம்மா மலையில் இருந்தால் யார் கையைப் பிடிக்க வேண்டும், காகிதப் பை எந்த ஆணியில் தொங்குகிறது என்று காட்டிக் கொடுங்கள். ஒருநாள் பகலில் அவர்களோடு அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். வேலை தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும். இரண்டு மூன்று மாதமாகியும் தூக்கமில்லை, பேச்சில்லை என்றால் கிளினிக்கில் மிட்வைப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், அவர் அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்புவார்.

வெளியில் மூன்று மேசை போட்டிருக்கிறோம். முதலாவது மேசையில் தொலைந்த காகிதங்களுக்கான படிவம், இரண்டாவதில் அஸ்வெசும, மூன்றாவதில் பாடசாலை. தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் உறை வீட்டுக்கு ஒன்று தருகிறோம், இருக்கிற காகிதங்களை அதில் போட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் வாருங்கள். அந்தப் பாட்டியையும் முன்னால் விடுங்கள், அவருக்கு நான்கு படிவம் நிரப்ப வேண்டும். தேநீர் பின்பக்கத்தில் இருக்கிறது.